எஸ்390எக்ஸ் என்ற பெருங்கணினி வகையில் மட்டும் தோற்ற சோதனைகள்: ஒரு டெபியன் பைத்தான் பேக்கேஜைச் சரிசெய்த பதிவு

டெபியன் என்பது தன்னார்வலர்கள் உருவாக்கும் ஒரு லினக்ஸ் இயங்குதளம்; அதன் அடுத்த வெளியீட்டுக்கான பேக்கேஜ்கள் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள்) சேரும் இடம் டெஸ்டிங். அங்கிருந்து ஒரு பேக்கேஜை நீக்கப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே மின்னஞ்சல் வந்துவிடும். எந்த வழு காரணம், எந்தத் தேதியில் நீக்கம், அதைச் சார்ந்திருக்கும் வேறு எவையெல்லாம் கூடவே போகும் என எல்லாம் அதில் இருக்கும். 2025 தொடக்கத்தில் டெபியன் பைத்தான் குழுவுக்கு இந்த மின்னஞ்சல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பைத்தான் 3.12-லிருந்து 3.13-க்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. டிரிக்ஸி என்கிற டெபியன் 13 உறைநிலைக்குப் போகும், அதாவது வெளியீட்டுக்காக மாற்றங்கள் படிப்படியாக நிறுத்தப்படும் நேரமும் அதுவே. மார்ச் 15-இல் முதல் கட்டம், ஏப்ரல் 15-இல் இரண்டாவது, மே 15-இல் கெடுபிடியான மூன்றாவது. இரண்டாவது கட்டம் தொடங்கிய பிறகு, டெஸ்டிங்கில் இல்லாத பேக்கேஜ் உள்ளே வர முடியாது. அதற்கு முன் வெளியே விழுந்தால் அடுத்த வெளியீடு வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டு, வெளியேதான்.

அந்த மின்னஞ்சல்களில் ஒன்றில், நான் அன்றாடம் பயன்படுத்தும் ஓர் இசைத்தொகுப்பு மேலாளரின் பெயர் இருந்தது. வழு அதில் இல்லை. அது நம்பியிருக்கும் ஒரு சின்ன பைத்தான் லைப்ரரியில் இருந்தது. வேவ், ஏஐஎஃப்எஃப் வகை ஒலிக்கோப்புகளின் தலைப்பகுதியைப் படித்து, மாதிரி வீதம், நீளம், சேனல் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்வதுதான் அந்த லைப்ரரியின் வேலை. பாதி பைத்தான், பாதி சி. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இதில் வரும் பழுதுகள் எவையும் அதற்கு மட்டும் உரியவை அல்ல. குழுவின் வழுப்பட்டியலில் எங்கே கை வைத்தாலும் இவற்றில் ஒன்றாவது வந்து மாட்டும்.

டெபியனில் பைத்தான் லைப்ரரிகளில் பெரும்பகுதியைக் கவனித்துக்கொள்வது பைத்தான் குழு. முன்பு லைப்ரரிகளுக்கு ஒரு குழு, பயன்பாடுகளுக்கு ஒரு குழு என்று இரண்டாக இருந்து, பிறகு ஒன்றானது. எல்லோரும் தன்னார்வலர்கள். சிலருக்கு அவர்கள் வேலை பார்க்கும் இடம் நேரம் ஒதுக்கித் தருகிறது; பலருக்கு இரவும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பேக்கேஜ்கள் எல்லாம் டெபியனின் கிட் (நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வழங்கியான சல்சாவில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரு பேக்கேஜின் பராமரிப்பாளர் என்ற இடத்தில் தனிமனிதர் பெயருக்குப் பதில் குழுவின் பெயர் இருந்தால், குழுவில் உள்ள யாரும் அதைத் தொடலாம் என்று பொருள். இந்த லைப்ரரி அப்படித்தான் இருந்தது. ஆனாலும், கடைசியாக அதைப் பதிவேற்றியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்தது: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது நேரமில்லை. இந்த ஒரு வரிக் கடிதத்தை எழுதாமல் நேரே வேலையில் இறங்க விதி அனுமதிக்கிறது. அப்படியும் எழுதிவிட்டு இறங்குவதே நல்லது என்பது என் எண்ணம்; பல ஆண்டு ஒருவர் கட்டிக்காத்த பொருள் அது.

மூலத்தை இழுத்து வந்ததும் மூன்று கிளைகள் தெரிந்தன. ஒன்றில் எழுதியவர்களின் நிரல் மட்டும் (எங்கள் பேச்சில் இவர்கள் அப்ஸ்ட்ரீம்). இன்னொன்றில் அதோடு டெபியன் கோப்புறையும் சேர்ந்து. மூன்றாவது, பிரிஸ்டின்-டார்: முன்பு பதிவேற்றிய அதே டார் கோப்பை, அதாவது மூலம் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்பை, பைட் மாறாமல் திரும்ப உருவாக்கத் தேவையான வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும் கிளை. குழுவின் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களும் பெரும்பாலும் இதே அமைப்புதான். கண்ட்ரோல் கோப்பில் சார்புகள், ரூல்ஸ் கோப்பில் கட்டும் முறை, வாட்ச் கோப்பில் புதிய வெளியீடு எங்கே வரும் என்ற முகவரி, பேட்சஸ் கோப்புறையில் திருத்தங்கள். முன்பின் பார்த்திராத ஒரு பேக்கேஜைத் திறந்து, எங்கே எது இருக்கும் என்று தேடாமல் வேலையைத் தொடங்க முடிந்தது இதனால்தான். எனக்கு முன் அதைப் பார்த்துக்கொண்டவர் எனக்கு எந்தக் குறிப்பும் எழுதி வைக்கவில்லை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

முதல் பழுது: காணாமல் போன தொகுதிகள்

பைத்தான் தன்னுடைய நிலையான நூலகத்திலிருந்து 19 பழைய தொகுதிகளை 3.13-இல் நீக்கியது. பெப் 594 என்ற முன்மொழிவின்படி நடந்த நீக்கம் அது. சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட், பைப்ஸ் போன்றவை போயின. எச்சரிக்கை இல்லாமல் நடக்கவில்லை, 3.11 முதலே இவற்றை அழைத்தால் கைவிடப்பட்ட தொகுதி என்ற அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. நம் லைப்ரரியோ, கோப்பு எந்த வகை என்று ஊகிக்க எஸ்என்டிஹெச்டிஆர் தொகுதியையும், ஏஐஎஃப்எஃப் கோப்பின் சில பகுதிகளுக்கு ஏஐஎஃப்சி தொகுதியையும் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் அந்த 19-இல் அடக்கம். 3.13-இல் இறக்குமதி வரியிலேயே நிரல் விழுந்துவிடும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நீக்கப்பட்ட தொகுதிகளைத் தனித்தனியாக எடுத்து, பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐ-யில் மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். சார்புகளில் அதைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. அவசரத்துக்கு அது சரி. ஆனால் இங்கே தேவைப்பட்டது மிகக் கொஞ்சம்: கோப்பின் முதல் 12 பைட்டைப் பார்த்து, ரிஃப் என்று தொடங்கி வேவ் என்று வந்தால் ஒரு வகை, ஃபார்ம் என்று தொடங்கி ஏஐஎஃப்எஃப் என்று வந்தால் இன்னொரு வகை. இதற்காகக் கைவிடப்பட்ட தொகுதியை இன்னொரு பேக்கேஜாகத் தூக்கிச் சுமக்க மனம் வரவில்லை. அப்ஸ்ட்ரீமின் களஞ்சியத்தைப் பார்த்தபோது, அவர்களும் அதையே செய்து புதிய பதிப்பை வெளியிட்டிருந்தது தெரிந்தது. ஆக, திருத்தம் எழுதும் வேலை மிச்சம். புதிய பதிப்பைக் கொண்டுவந்தாலே போதும்.

எந்த டார் கோப்பு?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. பழைய வாட்ச் கோப்பு பைபிஐ-யைக் காட்டிக்கொண்டிருந்தது. பைபிஐ-க்குப் போகும் டார் கோப்பில் பல திட்டங்கள் சோதனைகளைச் சேர்ப்பதில்லை. இந்த லைப்ரரியும் சேர்க்கவில்லை. சோதனையே இல்லாததால், ரூல்ஸ் கோப்பில் சோதனைக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட பேக்கேஜ் கட்டப்படுவது மட்டுமே வெற்றி. அது ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பைத்தானும் இந்த விஷயத்தில் இப்போது கண்டிப்பாகிவிட்டது. 3.12 முதல், அதன் சோதனைக் கருவியான யூனிட்டெஸ்ட் ஒரு சோதனையைக்கூட ஓட்டாமல் முடிந்தால் 5 என்ற தோல்விக் குறியீட்டோடு வெளியேறும்.

அப்ஸ்ட்ரீமின் கிட்டில் வெளியீட்டை அடையாளமிடும் குறிச்சொல்லிலிருந்து எடுத்தால் சோதனைகள் எல்லாம் வரும். இன்னொரு காரணமும் அந்தப் பக்கம் என்னைத் தள்ளியது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் ஒளித்துவைக்கப்பட்ட பின்கதவை மறக்க முடியாது. அந்தத் தாக்குதலின் தூண்டுகோலாக இருந்த பில்ட் கோப்பு வெளியீட்டு டார் கோப்பில் மட்டுமே இருந்தது, கிட்டில் இல்லை. டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு அது வந்துசேரவில்லை. ஆனால் புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டிருந்தது. எல்லோர் கண் முன்னும் இருக்கும் கிட் வரலாற்றிலிருந்து மூலத்தை எடுக்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது. எல்லாத் தாக்குதலையும் இது தடுத்துவிடாது. ஆனால் யாரும் படிக்காத ஒரு இடைவெளி மூடப்படுகிறது.

வாட்ச் கோப்பை மாற்றி, அதைப் படித்து மூலத்தை இறக்கும் யூஸ்கேன் கருவியை ஓட்டியதும் புதிய டார் வந்தது. உடனே ஒரு சிறு இடறல். லைப்ரரி தன் பதிப்பு எண்ணை செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம் வழியாகக் கிட் வரலாற்றிலிருந்து கணக்கிடுகிறது. டாரில் அந்த வரலாறு இல்லை. பதிப்பு இதுதான் என்று ஒரு சூழல் மாறியில் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். குழுவில் நூறு பேர் முன்பே செய்த தீர்வு அது. பக்கத்துப் பேக்கேஜின் ரூல்ஸ் கோப்பைத் திறந்தால் இருக்கிறது.

சோதனைக் கோப்புகளின் உரிமம்

சோதனைகளோடு கூடவே ஒலி மாதிரிகளும் வந்தன. அந்தக் கோப்புறையில் ஒரு சிறு குறிப்பு: இந்த ஒலிகள் கிரியேட்டிவ் காமன்ஸ், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும். டெபியனின் முதன்மைப் பகுதியில் இதற்கு இடமில்லை. 1997-இல் சமூக ஒப்பந்தத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்ட டெபியன் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்களின் 6-ஆம் கூறு, எந்தத் துறையில் பயன்படுத்துவோருக்கும் எதிராகப் பாகுபாடு கூடாது என்கிறது. வணிகம் செய்பவரும் அதில் அடக்கம். மாதிரி ஒலிகள் பயனரின் கணினிக்குப் போகப்போவதே இல்லையே, சோதனைக்குத்தானே என்று கேட்கலாம். ஆனால் மூல டார் கோப்பும் டெபியன் வழங்கும் பொருள்தான். உலகெங்கும் உள்ள மிரர் வழங்கிகள் அதைப் பகிர்கின்றன. குறுந்தட்டில் போட்டு விற்பவருக்கும் உரிமை உண்டு. இந்தக் கண்டிப்பைச் சலிப்பாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு டெபியன் மேல் உள்ள மரியாதைக்கு முக்கியக் காரணமே இதுதான். முதன்மைப் பகுதியில் இருக்கும் எதையும் எடுத்து யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது. யாரோ ஒவ்வொரு கோப்புறையையும் திறந்து பார்த்ததால்தான் அது முடிகிறது.

காப்பிரைட் கோப்பில் நீக்க வேண்டியவற்றின் பட்டியலைச் சேர்த்தால், யூஸ்கேன் டாரை இறக்கும்போதே அவற்றை விலக்கி மறுபடி கட்டிவிடும். பதிப்பு எண்ணின் பின்னால் டிஎஃப்எஸ்ஜி என்ற ஒட்டு வரும். இப்போது மாதிரிகள் இல்லாமல் சோதனைகளில் பாதி ஓடாது. அவற்றைத் தாண்டிப் போகச் சொல்வது சுலபம். ஆனால் சோதனைகளுக்காகத்தானே இந்த டாருக்கே வந்தோம்? ஆகவே மாதிரிகளை அங்கேயே உருவாக்கும் சிறு நிரலை எழுதினேன். பைத்தானின் வேவ் தொகுதி நீக்கப்பட்டியலில் இல்லை. அதை வைத்து 44100 ஹெர்ட்ஸ் வீதத்தில் ஒரு விநாடி சைன் அலை. ஏஐஎஃப்எஃப் எழுத இப்போது நிலையான நூலகத்தில் ஒன்றும் இல்லை. அதன் தலைப்பகுதியை ஸ்ட்ரக்ட் தொகுதி கொண்டு பைட் பைட்டாக எழுதினேன். பேட்சாகச் சேர்த்து, அப்ஸ்ட்ரீமுக்கும் அனுப்பினேன். பேட்சின் தலையில் விவரம், எழுதியவர், எங்கே அனுப்பப்பட்டது என்ற முகவரி எல்லாம் இருக்க வேண்டும். டெப்-3 என்ற வழக்கம் அது. பேக்கேஜ்களில் பிழை தேடும் லிண்டியன் கருவியும் கேட்கும்.

கட்டுவதும் மேலனுப்புவதும்

கட்டும் இடம் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். என் மடிக்கணினியில் என்னென்னவோ நிறுவியிருக்கிறேன். அங்கே நேரடியாகக் கட்டினால் விட்டுப்போன சார்புகள் தெரியாது. எஸ்பில்ட் ஒவ்வொரு முறையும் குறைந்தபட்ச டெபியன் ஒன்றை உருவாக்கி, கண்ட்ரோல் கோப்பில் எழுதியிருப்பதை மட்டும் நிறுவி, அதற்குள் கட்டும். இணையத்தைத் தொடும் சோதனைகளுக்கு அங்கே அனுமதி இல்லை.

அப்போது அன்ஸ்டேபிளில் 3.12, 3.13 இரண்டும் ஆதரவில் இருந்தன. சி பகுதி உள்ள லைப்ரரி என்பதால், பைத்தான் பேக்கேஜ்களைக் கட்டும் பைபில்ட் இரண்டுக்கும் தனித்தனியே தொகுத்து, ஒரே டெப் கோப்பில் வைத்தது. சோதனைகளை இரண்டிலும் ஓட்டியது. இங்கே ஒரு வழக்கமான சிக்கல்: மூலக் கோப்புறையிலிருந்து சோதனைகளை ஓட்டினால், தொகுக்கப்பட்ட சி பகுதி அங்கே இருக்காது, இறக்குமதி தோற்கும். பைபில்ட் தனக்கென ஒரு மறைவான கோப்புறையில் கட்டி, அங்கிருந்து ஓட்டுகிறது. சோதனைகளையும் மாதிரிகளை உருவாக்கும் நிரலையும் அங்கே நகலெடுக்கச் சொல்ல ஒரு வரி சேர்த்தேன். கூடவே, நிறுவிய பேக்கேஜின் மீது இதே சோதனைகளை ஓட்டும் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் ஏற்பாட்டையும் இயக்கினேன். கண்ட்ரோல் கோப்பில் ஒரு வரி போதும். இதைச் செய்தால் இன்னொரு பயன் உண்டு. நாளை இது சார்ந்திருக்கும் ஏதோ ஒரு பேக்கேஜ் மாறினால், இந்தச் சோதனை தானாக ஓடி, உடைந்தால் அந்த மாற்றத்தை டெஸ்டிங்குக்குள் விடாமல் நிறுத்தும்.

சல்சாவில் தள்ளியதும் அதன் தானியங்கிச் சோதனை அமைப்பான சிஐ எல்லாவற்றையும் மறுபடி ஓட்டியது: கட்டுதல், லிண்டியன், நிறுவி நீக்கிப் பார்க்கும் பியுபார்ட்ஸ், அதே மூலத்திலிருந்து பைட் மாறாமல் மறுபடி கட்ட முடிகிறதா என்று பார்க்கும் சோதனை. எல்லாம் பச்சை.

நான் டெபியன் டெவலப்பர் அல்ல. பதிவேற்றும் உரிமை இல்லை. உரிமை உள்ள ஒருவர் பார்த்து, தன் சாவியால் கையெழுத்திட்டு ஏற்ற வேண்டும். குழுவின் ஐஆர்சி அரட்டை அறையில் கேட்டேன். ஒருவர் எடுத்துக்கொண்டார். நேரில் பார்த்ததில்லை, 2023 செப்டம்பரில் கொச்சியில் டெபியன் மாநாடான டெப்கான்ஃப் நடந்தபோது அவர் வந்திருக்கவில்லை. இந்தியாவில் நடந்த முதல் டெப்கான்ஃப் அது. குழுவினர் சிலரின் முகங்கள் எனக்குத் தெரிந்ததே அங்கேதான்.

அவர் மாற்றங்களை வரி வரியாகப் படித்தார். இரண்டு கேள்விகள் கேட்டார். இந்த லைப்ரரியைச் சார்ந்திருப்பவற்றைப் புதிய பதிப்போடு கட்டிப் பார்த்தாயிற்றா? பார்த்திருந்தேன், பதிவுகளைக் கொடுத்தேன். மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாக்கில் "புதிய பதிப்பு" என்று மட்டும் எழுதாமல், டார் எங்கிருந்து வருகிறது, ஏன் மாறியது என்றும் எழுத முடியுமா? ஐந்து ஆண்டு கழித்து இன்னொருவர் வாட்ச் கோப்பைப் பார்த்து ஏன் என்று கேட்பார், பதில் அங்கே இருக்க வேண்டும் என்றார். எழுதினேன். முதல் வரியில், வழக்கப்படி, இது குழுப் பதிவேற்றம் என்ற குறிப்பு. அன்றே ஏற்றிவிட்டார்.

எஸ்390எக்ஸ்

மூலம் மட்டும்தான் ஏற்றப்படுகிறது. டெபியனின் கட்டும் இயந்திரங்கள் அதை எடுத்து ஒவ்வொரு கட்டமைப்புக்கும் (செயலி வகைக்கும்) தனித்தனியே கட்டுகின்றன: ஏஎம்டி64, ஆர்ம் வகைகள், பவர்பிசி, டிரிக்ஸியில் புதிதாகச் சேர்ந்த ரிஸ்க்-வி, பிறகு ஐபிஎம்மின் பெருங்கணினிகளுக்கான எஸ்390எக்ஸ். நிலவரப் பக்கத்தில் வரிசையாக எல்லாம் நிறுவப்பட்டது என்று மாறியது. எஸ்390எக்ஸில் மட்டும் கட்டுதல் தோற்றது.

பதிவைத் திறந்தேன். மூன்று சோதனைகள் தோல்வி. முதலாவதே கதையைச் சொல்லிவிட்டது. மாதிரி வீதம் 44100 என்று எதிர்பார்த்த இடத்தில் வந்தது 1152122880.

இந்த எண்ணைப் பதினாறின் அடிமானத்தில் எழுதிப் பார்த்தால் மர்மம் போய்விடும். 44100 என்பது நான்கு பைட்டில் 00 00 ஏசி 44. வேவ் கோப்பு கடைசிப் பைட்டை முதலில் எழுதும் முறை கொண்டது. கோப்பில் அது 44 ஏசி 00 00 என்றிருக்கும். நம் வீட்டுக் கணினிகளும் நினைவகத்தில் அதே முறையைப் பின்பற்றுகின்றன. அதனால் அந்த நான்கு பைட்டை அப்படியே ஒரு 32 பிட் மாறிக்குள் நகலெடுத்தால் 44100 கிடைத்துவிடும். எஸ்390எக்ஸ் முதல் பைட்டை முதலில் படிக்கும் இயந்திரம். அதற்கு 44 ஏசி 00 00 என்பது 1152122880. டிரிக்ஸியின் அதிகாரபூர்வக் கட்டமைப்புகளில் இப்படிப் படிக்கும் இயந்திரம் அது ஒன்றுதான். சல்சாவின் சிஐ-யில் அது கிடையாது.

சி பகுதியில் அச்சு அசலாக அந்த நகலெடுப்புதான் இருந்தது. ஏஐஎஃப்எஃப் பக்கம் இதன் மறுபாதி. அந்த வகைக் கோப்பு முதல் பைட்டை முதலில் எழுதும். ஆகவே நிரல், எந்தக் கணினி என்று கேட்காமலே, படித்ததையெல்லாம் திருப்பிப்போட்டது. திருப்பத் தேவையில்லாத இயந்திரத்தில் அதுவும் தவறாகியது. இந்த வழு புதிதல்ல. லைப்ரரி எழுதப்பட்ட நாள் முதல் இருந்திருக்க வேண்டும். டெபியன் இத்தனை ஆண்டும் எஸ்390எக்ஸுக்கு அதைக் கட்டி வழங்கியும் இருக்கிறது. சோதனை ஓடாததால் யாருக்கும் தெரியவில்லை.

ஐஆர்சியில் ஒருவர் கேட்டார்: பெருங்கணினியில் யார் பாட்டுக் கேட்கப்போகிறார்கள்? அந்தக் கட்டமைப்பிலிருந்து பேக்கேஜை நீக்கும்படி கேட்டுவிடலாமே. அப்படி ஒரு வழி உண்டு. காப்பகத்தைக் கவனிப்பவர்களிடம் கேட்டால் பழைய பைனரியை நீக்குவார்கள். பிறகு டெஸ்டிங்குக்குப் போகத் தடை இருக்காது. ஆனால் அதைச் சார்ந்திருப்பவற்றையும் அங்கிருந்து நீக்க வேண்டிவரும். அதைவிட முக்கியம், தவறு எஸ்390எக்ஸில் இல்லை, நிரலில் இருக்கிறது. அந்த இயந்திரம் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். தவறைக் காட்டிய கண்ணாடியை ஏன் கழற்ற வேண்டும்?

திருத்தம் சிறியது. பைட் வரிசையை மாற்றித்தரும் செயற்கூறுகள் லினக்ஸில் தயாராக உள்ளன. ஆனால் அப்ஸ்ட்ரீம் இதே நிரலை விண்டோஸிலும் மேக்கிலும் தொகுக்கிறது. ஆகவே எந்த அமைப்பையும் நம்பாத பழைய முறை: முதல் பைட், இரண்டாவதை 8 பிட் நகர்த்தி, மூன்றாவதை 16, நான்காவதை 24, எல்லாவற்றையும் சேர். ஏஐஎஃப்எஃப்புக்கு இதையே தலைகீழாக. ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும். பைட்டை நகர்த்தும் முன் குறியில்லா 32 பிட் எண்ணாக மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் சி மொழி அதைக் குறியுள்ள எண்ணாக உயர்த்தும். 24 பிட் நகர்த்தும்போது வரம்பு மீறல் நேரலாம். இந்தக் கூறுகளைத் தனிச் செயற்கூறாக எழுதி, நகலெடுப்பு நடந்த எல்லா இடங்களிலும் அதை அழைத்தேன். இப்போதெல்லாம் தொகுப்பி இந்த நகர்த்தல்களை அடையாளம் கண்டு ஒரே கட்டளையாக மாற்றிவிடுகிறது. வேகம் குறையும் என்ற கவலை வேண்டாம்.

எஸ்390எக்ஸ் இயந்திரத்துக்கு எங்கே போவது? டெபியன் டெவலப்பர்களுக்கு எல்லாக் கட்டமைப்பிலும் உள்நுழையும் இயந்திரங்கள் உண்டு; மற்றவர்களும் காரணம் சொல்லி விருந்தினர் அனுமதி கேட்கலாம். இவ்வளவு சின்ன பேக்கேஜுக்கு அது வேண்டியிருக்கவில்லை. வேறு வகைக் கணினியைப் போல நடிக்கும் கியூஎமுவின் பயனர் முறையை நிறுவினால், கெர்னல் எஸ்390எக்ஸ் நிரலைக் கண்டதும் அதைக் கியூஎமுவிடம் ஒப்படைத்துவிடும். எஸ்பில்டிடம் அந்தக் கட்டமைப்புக்கான அடிப்படை அமைப்பை உருவாக்கச் சொல்லி, மடிக்கணினியிலேயே கட்டினேன். மெதுவாகத்தான் ஓடும். சார்புகளை நிறுவுவதற்கே நேரம் போகிறது. பேட்ச் இல்லாமல் முதலில் ஓட்டி அதே 1152122880 வருகிறதா என்று உறுதி செய்தேன், வந்தது. பேட்சோடு ஓட்டியதும் எல்லாச் சோதனைகளும் தேறின. இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். பழுதை முதலில் கையில் பிடிக்காமல், சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அப்ஸ்ட்ரீமோடு பேச்சு

பேட்சை அனுப்பியபோது லைப்ரரியை எழுதியவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். பயனர்கள் பைபிஐ-யிலிருந்து நிறுவும் பிப் கருவி வழியாக நிறுவிக்கொள்கிறார்களே, நீங்கள் ஏன் இதே பொருளை மறுபடி பேக்கேஜ் செய்கிறீர்கள்?

தமிழ் வாசகர்களில் பைத்தான் எழுதுபவர்கள் இதன் மறுபக்கத்தைச் சந்தித்திருப்பார்கள். டெபியன் 12 முதல், பிப் கொண்டு கணினியின் பைத்தானுக்குள் நேரடியாக நிறுவ முயன்றால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று மறுத்துவிடும். பெப் 668 தந்த ஏற்பாடு அது. பலர் எரிச்சலோடு அந்தக் காப்பை உடைத்துவிட்டுப் போகிறார்கள். அது ஏன் அங்கே இருக்கிறது என்றால், கணினியின் பைத்தானை அந்தக் கணினியின் நூற்றுக்கணக்கான நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. அவை எல்லாம் ஒரே ஒரு பதிப்பு லைப்ரரியோடு ஒத்துப்போகும்படி யாரோ சரிபார்த்திருக்கிறார்கள். பிப் உள்ளே வந்து அதில் ஒன்றை மாற்றினால், எங்கோ ஒரு நிரல் நிற்கும். சொந்த வேலைக்கு வென்வ் என்ற தனிச் சூழல் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் மோதல் இல்லை. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அவருக்கு நான் எழுதிய பதில் இதுதான். உங்கள் லைப்ரரியைத் தேடி யாரும் டெபியனில் நிறுவுவதில்லை. இசைத்தொகுப்பு மேலாளரை நிறுவுகிறார்கள். அது உங்களைக் கொண்டுவருகிறது. அந்தப் பயனருக்குப் பைத்தான் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். நாளை உங்கள் சி பகுதியில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால், ஓர் இடத்தில் திருத்தினால் அவர்கள் எல்லோருக்கும் வழக்கமான புதுப்பித்தலில் வந்துசேரும்.

பேட்சை ஏற்றுக்கொண்டார். மாதிரி ஒலிகளையும் நீக்கிவிட்டு, உருவாக்கும் நிரலைச் சேர்த்துக்கொண்டார். அதோடு நிற்காமல், தன் சிஐ-யில் கியூஎமு வைத்து எஸ்390எக்ஸ் சோதனையையும் சேர்த்தார். இனி இப்படி ஒன்று டெபியன் வரை வரத் தேவையில்லை. டெபியனில் ஒரு பேட்ச் இருப்பது வேலை முடிந்ததற்கு அடையாளம் அல்ல. அது அப்ஸ்ட்ரீமுக்குள் போய், நம் கோப்புறையிலிருந்து மறையும்போதுதான் பாரம் குறைகிறது. கோரிக்கை அனுப்பிவிட்டு அதன் பிறகு எட்டிப் பார்க்காதவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அடுத்த பதிப்பு வரும்போது அந்தப் பேட்ச் ஒட்டாமல் யாரோ ஒரு மாலையை இழப்பார்கள்.

இரண்டாவது திருத்தப் பதிப்பு ஏறியது. எல்லாக் கட்டமைப்பிலும் நிறுவப்பட்டது என்று வந்தது. டெஸ்டிங்குக்குப் போக வழக்கமான காத்திருப்பு 5 நாள். ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் தேறினால் 2 நாளாகக் குறையும். இந்தப் பேக்கேஜுக்கு அந்தச் சலுகை இப்போதுதான் முதன்முறையாகக் கிடைத்தது. உறைநிலையின் இரண்டாவது கட்டத்துக்கு முன்பே உள்ளே போய்ச் சேர்ந்தது. நீக்கப்படும் தேதியோடு இருந்த எச்சரிக்கை, இசைத்தொகுப்பு மேலாளரின் பக்கத்திலிருந்தும் மறைந்தது. ஆகஸ்ட் 9 அன்று டிரிக்ஸி வெளியானபோது இரண்டும் அதில் இருந்தன.

டெபியன் 12-இல் பைத்தான் 3.11 என்பதால் முதல் பழுது அங்கே இல்லை. பைட் வரிசைச் சிக்கல் அங்கே உண்டு. ஆனால் பாதுகாப்புப் பிரச்சினை அல்லாத, யாரும் புகார் செய்யாத ஒன்றுக்காக நிலையான வெளியீட்டைத் தொட வேண்டாம் என்று பேசி விட்டுவிட்டோம். சேஞ்ச்லாக்கில் அந்த முடிவும் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த வேலைக்குள் வர நினைப்பவர்களுக்கு: புதிய பேக்கேஜோடு தொடங்க வேண்டாம். குழுவின் பட்டியலில் சோதனைக் கட்டம் வெறுமையாக விடப்பட்ட பேக்கேஜ்கள் இன்னும் நிறைய உள்ளன. ஒன்றை எடுங்கள். அதன் கிட்டில் சோதனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் அவற்றை ஓட வையுங்கள். பிறகு எஸ்390எக்ஸில் ஒருமுறை கட்டிப் பாருங்கள்.